மெயில் சர்வரின் நிர்வாகப் பக்கம் பதில் தராதபோது: எங்கே தொடங்குவது, எதைத் தொடக்கூடாது

நிர்வாகப் பக்கம் திறக்கவில்லை என்றதும் சர்வரையே ரீஸ்டார்ட் செய்துவிடுவது எளிது. பெரும்பாலும் பக்கமும் திரும்ப வந்துவிடும். ஆனால் எந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எதற்காகக் காத்து நின்றது, எத்தனை இணைப்புகள் தேங்கிக் கிடந்தன, நினைவகத்தை எது விழுங்கிக்கொண்டிருந்தது என்பவையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் மட்டுமே காணக்கிடைக்கும் தடயங்கள். ரீஸ்டார்ட் அவற்றைத் துடைத்துவிடும். சேவைகளை எழுப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள லினக்ஸில், அது எழுதும் ஜர்னல் எனும் நிகழ்வுப் பதிவுகளை நிலையாகச் சேமிப்பதற்கான அடைவு உருவாக்கப்படாமல் இருந்தால், அதுவரையிலான ஜர்னல் பதிவுகளும் கணினியின் மறுதொடக்கத்தோடு போய்விடும். காரணம் தெரியாமலேயே சரியாகிவிட்ட கோளாறு திரும்ப வரும். எனவே, பிரவுசரில் தொடங்கி டிஸ்க் வரை நீளும் சங்கிலியில் எந்தக் கண்ணியில் பதில் நின்றுபோகிறது என்று கண்டுபிடித்து, அந்தக் கண்ணியை மட்டும் தொடுவதே சரியான வழி.

இங்கே சொல்லப்படுபவை லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்புவது), டவ்காட் (பயனர்கள் மெயிலைப் படிக்க உதவுவது) ஆகியவற்றைக் கொண்டு அமைக்கப்பட்ட சர்வர்களுக்கும், ஜிம்ப்ரா, மெயில்கவ் போன்ற தொகுப்புகளுக்கும் பொருந்தும். தொலைவிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய முடிகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அதுவும் முடியவில்லை என்றால் பிரச்சினை நிர்வாகப் பக்கத்துடையதே அல்ல. கணினியின் கன்சோலுக்குத்தான் போக வேண்டும்.

முதலில் மெயில் ஓடுகிறதா என்று பாருங்கள்

நிர்வாகப் பக்கமும் மெயில் போக்குவரத்தும் வெவ்வேறு ப்ராசஸ்கள். பக்கம் உறைந்து நின்றாலும் போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வாங்கிக்கொண்டும் அனுப்பிக்கொண்டும் இருக்கலாம். இதை உறுதி செய்துகொண்டால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். சர்வர்கள் தமக்குள் மெயில் பரிமாறும் 25ஆம் போர்ட்டுக்கு டெல்நெட் அல்லது என்சி கட்டளை கொண்டு இணைந்து, 220 என்று தொடங்கும் வரவேற்பு வரி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பயனர்கள் மெயில் அனுப்பும் 587, 465 போர்ட்களையும், மெயிலைப் படிப்பதற்கான ஐமேப் இயங்கும் 993ஆம் போர்ட்டையும் அதேபோலச் சோதிக்க வேண்டும். 465, 993 இரண்டும் தொடக்கத்திலிருந்தே மறையாக்கம் செய்யப்பட்டவை என்பதால் அவற்றுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையின் எஸ்-கிளையன்ட் வசதி தேவை. பிறகு மெயில்க்யூ கட்டளையால் வரிசையில் எத்தனை மெயில்கள் நிற்கின்றன என்று பாருங்கள்.

வெளியிலிருந்து வரும் மெயில் சிறிது நேரம் நின்றுபோனாலும் அது உடனே தொலைந்துவிடாது. மெயில் பரிமாற்ற நெறிமுறையான எஸ்எம்டிபியின் தரவரையறை ஆர்எஃப்சி 5321, அனுப்பும் சர்வர் தோல்வியடைந்த மெயிலை மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்றும், கைவிடுவதற்கு முன் பொதுவாகக் குறைந்தது 4 அல்லது 5 நாட்களாவது காத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அமைப்பும் 5 நாட்கள்தான். ஆகையால் மெயில் இழப்புக்குக் காரணமாவது பெரும்பாலும் கோளாறு அல்ல. அவசரத்தில் வரிசையை அழிப்பது, வரிசையில் நிற்கும் மெயில்கள் இருக்கும் ஸ்பூல் அடைவை நீக்குவது போன்ற கைவேலைதான். வார் அடைவின் கீழுள்ள போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்பூலுக்குள் எதையும் கோப்புகளை நீக்கும் ஆர்எம் கட்டளையால் தொடக்கூடாது என்பதை இந்தக் கட்டத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரவுசர் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள்

"பக்கம் வரவில்லை" என்ற ஒரே முறையீட்டுக்குள் குறைந்தது நான்கைந்து வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கும். இணைப்பு உடனடியாக மறுக்கப்பட்டால், அந்த போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க எந்த ப்ராசஸும் இல்லை என்றோ, ஃபயர்வால் வெளிப்படையாக மறுப்புச் சொல்கிறது என்றோ பொருள். நீண்ட நேரம் சுழன்றுவிட்டு டைம்அவுட் ஆனால், பாக்கெட்டுகள் வழியில் கைவிடப்படுகின்றன, அல்லது ப்ராசஸ் உயிரோடு இருந்தும் புதிய இணைப்புகளை எடுக்கவில்லை. 502 என்று வந்தால் முன்னே நிற்கும் வெப் சர்வர் நலமாக இருக்கிறது, அதன் பின்னால் இருக்கும் செயலி செத்துவிட்டது. 504 என்றால் பின்னால் இருக்கும் செயலி இணைப்பை ஏற்றுக்கொண்டு பதில் தராமல் இருக்கிறது; என்ஜினெக்ஸ் எனும் வெப் சர்வர் இயல்பாக 60 விநாடிகள் காத்திருந்துவிட்டு இந்தப் பிழையைத் தரும். வெற்றுப் பக்கமோ 500 பிழையோ வந்தால் செயலி ஓடுகிறது, ஆனால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. உள்நுழைவுப் பக்கம் அழகாக வந்து, கடவுச்சொல் கொடுத்த பின் தொங்கினால், தரவுத்தளத்தையோ, பயனர் கணக்குகளை வைத்திருக்கும் எல்டாப் சேவையையோ சந்தேகிக்க வேண்டும்.

சான்றிதழ் காலாவதியும் இந்தக் கூட்டத்தில் அடிக்கடி கலந்துவிடும். மறையாக்கம் செய்த இணைப்பு மட்டுமே கூடும் என்ற ஹெச்எஸ்டிஎஸ் விதித்துள்ள தளத்தில் சான்றிதழ் காலாவதியானால், எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லும் பொத்தானையே பிரவுசர் காட்டாது. பயனர் அதைச் சர்வர் செத்துவிட்டது என்றே புரிந்துகொள்வார். இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்டின் வழக்கமான சான்றிதழ் 90 நாட்களுக்குத்தான் செல்லும் என்பதால், தானியங்கிப் புதுப்பிப்பு ஓசையில்லாமல் நின்றுபோன சர்வர்களில் இது திடீரென்று தலைகாட்டும். புதுப்பிப்பு நடந்தும், புதிய சான்றிதழை எடுத்துக்கொள்ளும்படி வெப் சர்வருக்குச் சொல்லப்படாததால் அது பழையதையே நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

சர்வருக்குள்ளிருந்தே கேட்டுப் பாருங்கள்

எஸ்எஸ்ஹெச் வழியே நுழைந்து, கர்ல் கட்டளையால் 127.0.0.1 என்ற முகவரியில் நிர்வாகப் பக்கத்தைக் கேளுங்கள். ஜிம்ப்ராவின் நிர்வாகக் கன்சோல் 7071ஆம் போர்ட்டில் இருக்கும், அதன் ப்ராக்ஸி வழியாகப் போனால் 9071. மற்றவை பெரும்பாலும் 443. உள்ளே பக்கம் வந்து வெளியே வரவில்லை என்றால் செயலியை விட்டுவிடலாம், பிரச்சினை வலையமைப்பில். உள்ளேயும் வரவில்லை என்றால் ஃபயர்வாலை நோண்டுவதை நிறுத்திவிடலாம். ஒரு கட்டளையில் பாதிச் சங்கிலி கழிந்துவிடுகிறது.

கர்ல் கட்டளையில், பெயர் தேடல், இணைப்பு, மறையாக்கக் கைகுலுக்கல், முதல் பைட் வந்து சேர்தல் ஆகிய ஒவ்வொன்றும் எத்தனை விநாடி எடுத்தது என்று தனித்தனியாக அச்சிடும் வசதி உண்டு. இதைப் பயன்படுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இணைப்பு ஒரு மில்லி விநாடிக்குள் முடிந்து, முதல் பைட் மட்டும் 40 விநாடி கழித்து வருமானால், செயலி யாருக்காகவோ காத்திருக்கிறது.

இந்தக் கட்டத்தில் பலரை ஏமாற்றும் ஒன்று உண்டு. போர்ட் திறந்திருக்கிறது, டெல்நெட் இணைகிறது, ஆகவே செயலி நலமாக இருக்கிறது என்ற முடிவு தவறு. டிசிபி இணைப்பின் முதல் கைகுலுக்கலைச் செய்வது செயலி அல்ல, இயங்குதளத்தின் மையமான கெர்னல். செயலி முழுவதுமாக உறைந்திருந்தாலும் கெர்னல் இணைப்பை ஏற்று, அதை ஒரு வரிசையில் நிறுத்தி வைக்கும். எஸ்எஸ் கட்டளையில் கேட்கும் நிலையில் உள்ள போர்ட்களை மட்டும் பட்டியலிட்டால், அந்த வரிசையை நேரடியாகவே பார்க்கலாம். ரிசீவ்-க்யூ என்ற பத்தி, செயலி இன்னும் எடுத்துக்கொள்ளாமல் காத்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை; சென்ட்-க்யூ என்ற பத்தி, அந்த வரிசையின் உச்சவரம்பு. நலமான சர்வரில் ரிசீவ்-க்யூ பூஜ்யமாகவோ ஒன்றிரண்டாகவோ இருக்கும். அது உச்சவரம்பைத் தொட்டு அங்கேயே நின்றால் செயலி இணைப்புகளை எடுப்பதையே நிறுத்திவிட்டது, இனி வருபவர்களுக்கு டைம்அவுட்தான். அதே கட்டளையில் குளோஸ்-வெயிட் நிலையில் இணைப்புகள் நூற்றுக்கணக்கில் தெரிந்தால், பயனர்கள் காத்திருந்து விட்டுப் போய்விட்டார்கள், செயலி அதைக்கூடக் கவனிக்கவில்லை என்று பொருள். இந்த வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துவையுங்கள். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு இது கிடைக்காது.

அந்தப் பட்டியலில் போர்ட் எந்த முகவரியில் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். 127.0.0.1 மட்டும் இருந்தால் வெளியிலிருந்து யாரும் வர முடியாது; ஒரு மேம்படுத்தலுக்குப் பிறகு அமைப்புக் கோப்பு இயல்புநிலைக்குத் திரும்பியிருக்கக்கூடும்.

டிஸ்க்: நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்

மெயில் சர்வரில் நிர்வாகப் பக்கம் நின்றுபோவதற்கு நான் முதலில் சந்தேகிப்பது டிஸ்க்கைத்தான், ஏனென்றால் மெயில் சர்வரின் தொழிலே எழுதுவதுதான். மெயில், லாக், வரிசை, செஷன் கோப்பு, தரவுத்தளம் என்று எல்லாமே இடம் கேட்கின்றன. இடம் தீர்ந்ததும் செஷன் கோப்பை எழுத முடியாத நிர்வாகப் பக்கம் முதலில் விழுந்துவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் இதில் எச்சரிக்கையானது. மீதமுள்ள இடம், ஒரு மெயிலுக்கான உச்ச அளவின் ஒன்றரை மடங்குக்குக் கீழே போனால், 452 என்ற தற்காலிகப் பிழையைச் சொல்லிப் புதிய மெயிலை வாங்க மறுத்துவிடும். இயல்பான உச்ச அளவு 10240000 பைட் என்பதால் ஏறக்குறைய 15 எம்பி இடம் இருந்தாலே அது வாங்கிக்கொண்டிருக்கும். அதற்கு வெகு முன்பே தரவுத்தளம் திணறத் தொடங்கியிருக்கலாம்.

டிஎஃப் கட்டளையால் இடத்தைப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். ஐநோடு, அதாவது கோப்பு முறைமை கோப்புக்கு ஒன்றாகச் செலவிடும் பதிவு, எத்தனை மீதமுள்ளது என்று பார்ப்பதைத்தான் மறந்துவிடுகிறோம். மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்பு. பிஹெச்பி செஷன்களும் ஆளுக்கொரு கோப்பு. இடம் 40 சதவீதம் காலியாக இருந்தும் ஐநோடு 100 சதவீதம் தீர்ந்திருந்தால், "டிஸ்க்கில் இடமில்லை" என்ற அதே பிழைதான் வரும். டிஎஃப் கட்டளையை ஐநோடு விருப்பத்துடன் ஒருமுறை ஓட்டினால் விஷயம் வெளிப்பட்டுவிடும்.

அடுத்து, ரூட் பயனராக நுழைந்து ஒரு கோப்பை உருவாக்கிப் பார்த்து, "எழுத முடிகிறதே" என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கிவைக்கிறது. உங்களால் எழுத முடியும், வெப் செயலி ஓடும் பயனரால் முடியாது. சூடோ வழியாக அந்தச் செயலியின் பயனராகவே மாறி, அது எழுதும் அடைவிலேயே சோதிக்க வேண்டும். டிஸ்க்கில் பிழை ஏற்பட்டுக் கோப்பு முறைமை படிக்க மட்டுமேயானதாக மாறியிருந்தால், அதையும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். அப்படி மாறியிருந்தால் உடனே மீண்டும் எழுதத்தக்கதாக மாற்றிவிடாமல், கெர்னல் பதிவுகளைப் படித்து டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழுதான டிஸ்க்கில் தொடர்ந்து எழுதுவது மெயில் பெட்டிகளையே சிதைக்கும்.

டியூ கட்டளை சொல்லும் கூட்டுத்தொகைக்கும் டிஎஃப் சொல்வதற்கும் பெரிய வேறுபாடு இருந்தால், யாரோ ஒரு பெரிய லாக் கோப்பை நீக்கியிருக்கிறார்கள், ஆனால் ஏதோ ஒரு ப்ராசஸ் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. கோப்பின் பெயர் போய்விட்டது, இடம் திரும்பவில்லை. எல்எஸ்ஓஎஃப் கட்டளையால் அப்படி நீக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடலாம். உரிய சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும். இதனால்தான் ஓடும் சேவையின் லாக்கை நீக்குவதைவிட ட்ரன்கேட் கட்டளையால் அதன் உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்வது மேல். அதற்கு முன் கடைசிச் சில ஆயிரம் வரிகளை வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

இடத்தை மீட்கும்போது எதைத் தொடலாம் என்பதில் கண்டிப்பு வேண்டும். சுழற்சியில் சுருக்கப்பட்ட பழைய லாக்குகள், பொதி மேலாளரின் தற்காலிகக் கோப்புகள், பழைய ஜர்னல் பதிவுகள் ஆகியவை பாதுகாப்பானவை. ஜர்னல்சிடிஎல் கட்டளையின் வாக்யூம் வசதி கடைசியாகச் சொன்னதைச் சுத்தமாகச் செய்யும். நிரல்களைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் இயங்கும் மெயில்கவ் போன்றவற்றில் கன்டெய்னர் லாக்குகளைப் பாருங்கள். டாக்கரின் இயல்பான ஜேசன் லாக் முறையில் அளவுக்கு வரம்பே கிடையாது, அமைப்பில் வரம்பு வைக்காவிட்டால் அது வளர்ந்துகொண்டே போகும். மைஎஸ்க்யூஎல் பைனரி லாக்குகளை ஆர்எம் கொண்டு அழிக்கக்கூடாது. தரவுத்தளத்துக்குள்ளிருந்து பர்ஜ் கட்டளையால்தான் நீக்க வேண்டும். ஜிம்ப்ராவின் எல்டாப் தரவு அடைவில் ஒரு கோப்பு 80 ஜிபி என்று எல்எஸ் காட்டினால் பயப்பட வேண்டாம். அது உள்ளீடற்ற இடைவெளிகளைக் கொண்ட கோப்பு. டியூ கட்டளையால் அளந்தால் அது உண்மையில் பிடித்திருக்கும் சிறிய இடம் தெரியும். அதை நீக்கினால் எல்லாக் கணக்குகளும் போய்விடும்.

நினைவகமும் காத்திருப்பும்

கெர்னல் பதிவுகளில் "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடுங்கள். அந்த வரியில் கொல்லப்பட்ட ப்ராசஸின் பெயர் இருக்கும். ஆனால் கொல்லப்பட்டதுதான் குற்றவாளி என்று முடிவு கட்ட வேண்டாம். நினைவகம் தீரும்போது கெர்னல் பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருப்பதையே தேர்ந்தெடுக்கிறது, அது பல நேரங்களில் நிர்வாகப் பக்கத்தைத் தாங்கும் ஜாவா ப்ராசஸாகவோ தரவுத்தளமாகவோ இருக்கும். உண்மையில் நெருக்கடியை உண்டாக்கியது, மெயிலில் வைரஸ் தேடும் கிளாம்ஏவி தன் வைரஸ் அடையாளங்களைப் புதுப்பித்த தருணமாக இருக்கலாம். இயல்பான அமைப்பில் கிளாம்ஏவி பழைய அடையாளத் தொகுப்பை வைத்துக்கொண்டே புதியதையும் ஏற்றுவதால், அந்தச் சில நிமிடங்களுக்கு அதன் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஒரே நேரத்தில் இரண்டையும் ஏற்றாதபடி அமைப்புக் கோப்பில் மாற்றலாம். அப்போது புதுப்பிப்பு முடியும் வரை மெயில் ஸ்கேன் சற்றுக் காத்திருக்கும், நினைவகம் குறைந்த சர்வருக்கு அது ஏற்கத்தக்க பரிமாற்றம்.

ஃப்ரீ கட்டளையில் "ஃப்ரீ" பத்தியைப் பார்க்காமல் "அவெய்லபிள்" பத்தியைப் பாருங்கள்; லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தையெல்லாம் கோப்புத் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்துவதால் முதல் எண் எப்போதும் சிறிதாகவே தெரியும்.

லோடு ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி) வானத்தைத் தொட்டு, சிபியு மட்டும் சும்மா இருந்தால், ப்ராசஸ்கள் டிஸ்க்குக்காகவோ வலைவழிச் சேமிப்புக்காகவோ காத்திருக்கின்றன. பிஎஸ் கட்டளையின் நிலைப் பத்தியில் டி என்ற எழுத்துடன் நிற்பவை அவை. அவற்றைக் கில் கட்டளையின் 9ஆம் சிக்னலாலும் கொல்ல முடியாமல் போகலாம். என்எஃப்எஸ் எனும் வலைவழிச் சேமிப்பில் மெயில் பெட்டிகளை வைத்திருந்தால், அந்தச் சேமிப்புச் சர்வரைச் சரிசெய்வதே வழி. இந்தப் பக்கம் எத்தனை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை.

மெயில் வரிசையில் ஆயிரக்கணக்கில் தேங்கியிருப்பதை ஏற்கெனவே பார்த்திருந்தால், நெருக்கடிக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு பயனரின் திருடப்பட்ட கடவுச்சொல். மெயில் லாக்கில், மெயில் அனுப்ப உள்நுழைந்தவர்களைக் குறிக்கும் சாஸ்ல் பயனர்பெயர்களை எண்ணிப் பார்த்தால் ஒரே பெயர் முன்னால் வந்து நிற்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், நிர்வாகப் பக்கமோ திறக்கவில்லை. அதற்குத்தான் கட்டளைவரிக் கருவிகள் உள்ளன. ஜிம்ப்ராவில் கணக்குகளை நிர்வகிக்கும் ஜெட்எம்ப்ராவ் (zmprov) கட்டளை இயல்பாக 7071ஆம் போர்ட் வழியாகவே பேசுவதால், நிர்வாகப் பக்கம் செத்திருக்கும்போது அதுவும் தொங்கும்; எல் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் நேராக எல்டாப்பிடம் பேசி வேலையை முடித்துவிடும். தேங்கிய மெயில்களை அழிப்பதற்குப் பதில் போஸ்ட்சூப்பர் கட்டளையால் ஹோல்டில், அதாவது அனுப்பாமல் நிறுத்தி, வையுங்கள். அவற்றுக்கிடையே உண்மையான மெயில்களும் இருக்கும். பிரித்தெடுக்க நிதானமாக நேரம் கிடைக்கும்.

பின்னால் நிற்கும் செயலி

பிஹெச்பி அடிப்படையிலான நிர்வாகப் பக்கம் 502 தந்தால், பிஹெச்பி நிரல்களை ஓட்டும் பிஹெச்பி-எஃப்பிஎம் சேவை ஓடுகிறதா என்றும், அது கேட்கும் சாக்கெட்டின் (நிரல்கள் பேசிக்கொள்ளும் வாயில்) பாதையும் என்ஜினெக்ஸ் அமைப்பில் உள்ள பாதையும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் சாக்கெட்டின் பெயரிலேயே பிஹெச்பியின் பதிப்பு எண் இருப்பதால், பதிப்பு மாறியதும் என்ஜினெக்ஸ் இல்லாத கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். 504 வந்தால் எஃப்பிஎம் லாக்கில், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய ப்ராசஸ்களுக்கான மேக்ஸ்-சில்ட்ரன் வரம்பை எட்டிவிட்டது என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், வரம்பை உயர்த்துவதற்கு முன் ஒவ்வொரு ப்ராசஸும் எதற்காகக் காத்திருக்கிறது என்று கேட்க வேண்டும். தரவுத்தளம் மந்தமாக இருக்கும்போது வரம்பை உயர்த்துவது அதன் மீது மேலும் சுமை ஏற்றுவதுதான்.

மைஎஸ்க்யூஎல், மரியாடிபி இரண்டிலும் இயல்பான இணைப்பு வரம்பு 151. அது நிரம்பினால் "டூ மெனி கனெக்ஷன்ஸ்" என்ற பிழை வரும். அப்போதும் நிர்வாக உரிமையுள்ள பயனருக்கென்று ஓர் இணைப்பு கூடுதலாக ஒதுக்கப்பட்டிருப்பதால் உள்ளே நுழைந்து ப்ராசஸ் பட்டியலைப் பார்க்க முடியும். நீண்ட நேரமாக ஓடும் ஒரே வினவலுக்குப் பின்னால் மற்றவையெல்லாம் பூட்டுக்காகக் காத்திருப்பதை அங்கே காணலாம்.

ஜாவாவில் ஓடும் நிர்வாகப் பக்கம் என்றால் த்ரெட் டம்ப் (ப்ராசஸின் ஒவ்வொரு வேலை இழையும் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுக்காமல் ரீஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். ஜேஸ்டாக் கருவியாலோ, கில் கட்டளையின் 3ஆம் சிக்னலாலோ இதை எடுக்கலாம். இரண்டாவது முறை ப்ராசஸைக் கொல்லாது, டம்ப்பை அதன் வழக்கமான வெளியீட்டுக் கோப்பில் எழுதும். சில விநாடி இடைவெளியில் மூன்று டம்ப் எடுத்து ஒப்பிடுங்கள். மூன்றிலும் அதே த்ரெட்டுகள் அதே வரியில் நின்றால், அந்த வரி யாரை அழைக்கிறது என்று பாருங்கள். எல்டாப் இணைப்பு என்றால் எல்டாப்புக்கும், டிஎன்எஸ் தேடல் என்றால் பெயர்ச் சர்வருக்கும் நேராகப் போய்விடலாம். எனக்குத் தெரிந்தவரை இதைவிடத் துல்லியமாகக் காரணத்தைச் சுட்டும் வேறு எதுவும் இல்லை.

எல்டாப்பின் உட்சான்றிதழ் காலாவதியாவது தனிவகைத் தொல்லை. ஓடிக்கொண்டிருக்கும் சேவைகள் தொடர்ந்து ஓடும். வேறு ஏதோ காரணத்துக்காக ரீஸ்டார்ட் செய்த கணத்தில், எல்டாப்பிடமிருந்து சேவைகளின் பட்டியலைப் பெற முடியாமல் ஜிம்ப்ரா முழுவதுமே எழ மறுத்துவிடும். சிறு கோளாறு முழு நிறுத்தமாக மாறும் வழி இது. ஆகவே ரீஸ்டார்ட்டுக்கு முன் ஜெட்எம்செர்ட்எம்ஜிஆர் (zmcertmgr) கருவியால் சான்றிதழ் தேதிகளைப் பார்த்துவிடுவது நல்லது.

வலையமைப்புப் பக்கம்

உள்ளே பக்கம் வருகிறது, உங்கள் கணினியில் மட்டும் வரவில்லை என்றால், தோல்வியுறும் உள்நுழைவுகளைக் கவனித்து முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் உங்கள் ஐபி முகவரியையே தடுத்திருக்கலாம்; அதன் இயல்பான தடைக்காலம் 10 நிமிடம், ஆனால் பல சர்வர்களில் இதை நாள் கணக்கில் நீட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முயற்சியும் 5 அல்லது 10 விநாடி தாமதத்துக்குப் பின் நகர்ந்தால் டிஎன்எஸ்ஸைச் சந்தேகியுங்கள், ஏனெனில் லினக்ஸின் பெயர்த் தேடல் ஒரு பெயர்ச் சர்வருக்காக இயல்பாக 5 விநாடி காத்திருக்கும். எஸ்எஸ்ஹெச் வேலை செய்து, பக்கம் மட்டும் மறையாக்கக் கைகுலுக்கலில் தொங்கினால், வழியில் எங்கோ பெரிய பாக்கெட்டுகள் விழுங்கப்படுகின்றன. விபிஎன் வழியாக வருபவர்களுக்கு இது அதிகம் நேரும். பிங் கட்டளையில் துண்டாக்கத் தடை விதித்து, 1472 பைட் அளவில் அனுப்பிப் பார்த்து, பதில் வரும் வரை அளவைக் குறைத்துக்கொண்டே போனால் வரம்பு தெரிந்துவிடும்.

இந்தச் சோதனைகளுக்காக ஃபயர்வாலை நிறுத்துவதோ, நிர்வாக போர்ட்டை உலகத்துக்கே திறந்துவிடுவதோ கூடாது. எஸ்எஸ்ஹெச் சுரங்கம் அமைத்து, உங்கள் கணினியின் ஒரு போர்ட்டைச் சர்வரின் உள் போர்ட்டோடு இணைத்தால் பிரவுசரில் பக்கத்தைப் பார்த்துவிடலாம். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு: 2022இல் ஜிம்ப்ராவில் வெளிப்பட்ட சிவிஇ-2022-27925 என்ற ஓட்டை, நிர்வாகத்துக்கான ஒரு இறக்குமதி வசதியின் வழியாகத் தாக்குபவர்கள் சர்வரில் தங்கள் கோப்புகளை வைக்க இடம் கொடுத்தது; உண்மையாகவே பல சர்வர்கள் அவ்வாறு பிடிக்கப்பட்டன. சிபியு முழுவதையும் பெயர் தெரியாத ஒரு ப்ராசஸ் தின்றுகொண்டிருந்தாலோ, வெப் அடைவில் யாரும் வைக்காத ஜேஎஸ்பி (சர்வரில் ஓடும் ஜாவா நிரல்) கோப்பு தென்பட்டாலோ, பழுது நீக்கும் வேலையை நிறுத்திவிட்டுச் சர்வரை வலையிலிருந்து தனிமைப்படுத்துங்கள்.

ரீஸ்டார்ட் செய்யும் வேளை

காரணம் தெரிந்து, தடயங்களைச் சேமித்த பின், பழுதுபட்ட சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஜிம்ப்ராவில் மெயில் பெட்டிகளையும் நிர்வாகப் பக்கத்தையும் தாங்கும் மெயில்பாக்ஸ்டி மட்டும் சிக்கியிருந்தால் அதற்கான தனிக் கட்டளை உண்டு. எல்லாவற்றையும் நிறுத்தி எழுப்பத் தேவையில்லை. அமைப்புக் கோப்பை மாற்றியிருந்தால் என்ஜினெக்ஸின் சோதனை விருப்பம், போஸ்ட்ஃபிக்ஸின் செக் கட்டளை ஆகியவற்றை முதலில் ஓட்டுங்கள். ஒரு சேவை 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் எழுந்து விழுந்தால் சிஸ்டம்டி இயல்பாக அதைக் கைவிட்டுவிடும். அதன்பின் காரணத்தைச் சரிசெய்து, ரீசெட்-ஃபெயில்டு கட்டளை கொடுத்தால் மீண்டும் எழுப்பலாம். எழுந்த பின் பக்கத்தைத் திறந்து பார்ப்பதோடு நிற்காமல் உள்நுழைந்து, ஒரு கணக்கைத் தேடி, ஒரு சோதனை மெயிலை வெளியே அனுப்பி, வெளியிலிருந்து ஒன்றை வரவழைத்துப் பாருங்கள்.

அடுத்த முறை பயனர் சொல்லித் தெரியவேண்டாம் என்றால் கண்காணிப்பு வைக்க வேண்டும், அது போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதாக இருக்கக்கூடாது. கெர்னலே கைகுலுக்கிவிடும் என்பதால் உறைந்த செயலியையும் அது நலம் என்றே சொல்லும். உள்நுழைவுப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, அதில் இருக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை வேண்டும். அதனுடன் டிஸ்க் இடம், ஐநோடு, மெயில் வரிசையின் நீளம், எல்லாச் சான்றிதழ்களின் மீதிநாட்கள் ஆகியவற்றையும் சேருங்கள். இந்தச் சோதனைகள் அந்தச் சர்வரிலேயே ஓடாமல் வேறொரு கணினியில் ஓட வேண்டும். அவை எழுப்பும் எச்சரிக்கையும் அதே மெயில் சர்வர் வழியாக வராமல் எஸ்எம்எஸ் போன்ற வேறொரு வழியில் உங்களை வந்து சேர வேண்டும்.